ரேஷன் தராசைக் கட்டியாச்சு. குடோன் தராசை யார் கட்டுவது?

ரேஷன் கடை எடைத் தராசையும், பில் போடும் மிஷினையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். கயிறு போட்டு அல்ல. கம்பி கூட இல்லாமல், 'புளூடூத்' மூலமாக!

முன்பெல்லாம் தராசு ஒரு பக்கம், பில் ஒரு பக்கம். இது சொல்வது அதற்குத் தெரியாது. 20 கிலோவுக்குப் பில் போட்டுவிட்டு 18 கிலோவைப் பையில் கொட்டினால் கேட்க ஆள் கிடையாது. இப்போது அப்படி இல்லை. அரிசியைத் தராசில் வைக்க வேண்டும். எடை சரியாக நிற்க வேண்டும். அந்த எடை தானாகவே மிஷினுக்குப் போக வேண்டும். அதற்கு அப்புறம்தான் பில் வெளியே வரும்.

நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

பின்னே ஏன் 2025-ல் இந்த இணைப்பு தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது ஊழியர் சங்கங்கள் போர்க்கொடி தூக்கின? யாருடைய அரிசியைக் காப்பாற்ற இது வந்ததோ, அந்தக் கார்டுதாரர்களே ஏன் க்யூவில் நின்று முணுமுணுக்கிறார்கள்?

"அடிக்க முடியாமல் போச்சே என்ற வயிற்றெரிச்சல்" என்று டீக்கடை பெஞ்சில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை.

பழைய கடை, புதிய மிஷின்

நம் ரேஷன் கடைக்கு மிஷின் நேற்று வந்ததல்ல. நோட்டும் பேனாவும் போய், கையடக்க பில் மிஷின் வந்தது 2016, 2017-ல். 2017 ஏப்ரலில் பழைய குடும்ப அட்டைக்குப் பதில் ஸ்மார்ட் கார்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வந்தது. கூடவே கைரேகையும் வந்தது. ரேகை விழாதவர்களுக்காகக் கண் பார்க்கும் கருவி பின்னால் வந்தது.

தராசை இணைக்கும் யோசனை டெல்லியில் இருந்து வந்தது. 2021 ஜூன் 18-ந் தேதி மத்திய அரசு உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மிஷின் வைத்து விற்பதற்காகக் குவிண்டாலுக்கு 17 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? அதில் மிச்சம் பிடிக்கிற மாநிலங்கள் அந்தப் பணத்தில் மின்னணுத் தராசு வாங்கி மிஷினோடு இணைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது.

தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள். 2 கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள். இவ்வளவு பெரிய வியாபாரத்தில் ஒரு சின்னக் கருவியை நுழைப்பது லேசுப்பட்ட காரியமா? கல்யாண வீட்டுச் சமையலில், பந்தி நடக்கும்போதே அடுப்பை மாற்றுகிற மாதிரி!

(புளூடூத் என்றால் நீலப்பல். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஒரு ராஜாவின் பட்டப்பெயராம் அது. பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால் அவர் பெயரை வைத்தார்களாம். நம்ம ஊர் தராசுக்கும் மிஷினுக்கும் அந்த ராஜா பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறார்.)

பேசும் பெட்டியைப் பாருங்கள்

புதுக் கருவி என்றாலே தகராறு என்று சொல்ல முடியாது. திருத்தணி மலை அடிவாரத்துக்கே வாருங்கள். தேங்காய்-பழக் கடை, மாலைக் கடை, பொரிகடலைக் கடை என்று வரிசையாகப் பாருங்கள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. "50 ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் கத்துகிறது.

அதுவும் இணைக்கப்பட்ட கருவிதான். அதற்குள்ளும் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதுவும் பேங்க் கணக்கோடு பேசித்தான் வாய் திறக்கிறது. ஆனால் அதை எதிர்த்து எந்தக் கடைக்காரரும் கொடி பிடிக்கவில்லை. மாச வாடகை கேட்டாலும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

காரணம் என்ன? அந்தப் பெட்டி வியாபாரத்தை நிறுத்தவில்லை. கடைக்காரர் பூ முழம் போடுகிற கையை எடுத்து அதைத் தொட வேண்டியதில்லை. வாங்குபவர் செல்போனைக் காட்டுகிறார், பெட்டி கத்துகிறது, முடிந்தது. பணம் வந்த மாதிரி பொய்யான படத்தைக் காட்டி ஏமாற்றிய கூட்டத்துக்கும் அது ஒரு பூட்டு. ஒருவேளை பெட்டி ஊமையாகிவிட்டாலும் ரொக்கம் வாங்கலாம், போனைத் திறந்து பார்க்கலாம். கடை மூடிக் கிடக்காது.

ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் கூட்டம் குவியும்போது நாலு கடைப் பெட்டி ஒரே நேரத்தில் கத்தும். எந்தப் பெட்டி யாருடையது என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். அது வேறு கதை.

ரேஷன் தராசு அப்படிப்பட்டதல்ல. தராசு பேசாவிட்டால் மிஷின் பில் போடாது. மிஷின் பில் போடாவிட்டால் அரிசி கிடையாது. ரொக்கம் மாதிரி மாற்று வழி இங்கே இல்லை. ஒரு கருவி படுத்தால் கடையே படுத்துவிடும்!

ஒரு நிமிஷம் என்ன பெரிய விஷயம்?

ஒரு கார்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கார்டைக் காட்ட வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். தறி ஓட்டித் தேய்ந்த விரல் என்றால் இரண்டு தரம், மூன்று தரம். அப்புறம் கண். அதற்கப்புறம் அரிசி தராசுக்கு வரும். எடைக்கு ஒரு பிடி கூட, ஒரு பிடி குறைய என்று கட்டுநர் அள்ளிப் போட்டுச் சரி செய்ய வேண்டும். அடுத்து சர்க்கரை. அதற்கும் இதே கதை. நடுவில் புளூடூத் அறுந்தால் திரும்பவும் இணைக்க வேண்டும்.

இதனால் கார்டுக்கு ஆகும் நேரம் கூடிவிட்டது என்பது சங்கங்களின் முதல் புகார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வெறும் சாக்கு அல்ல. கடைக்கு 1,000 கார்டு என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்கு ஒரே ஒரு நிமிஷம் கூடினால் மாதத்துக்கு 1,000 நிமிஷம். அதாவது 16 மணி 40 நிமிஷம். நாளுக்கு 8 மணி நேர வேலையில் முழுசாக இரண்டு நாள்!

அந்த இரண்டு நாளை யார் கொடுக்கிறார்கள்? விற்பனையாளர் பாதி, க்யூவில் நிற்பவர் பாதி. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவருக்குத் தறி நின்றால் கூலி நிற்கும். அரைநாள் க்யூவில் போச்சு என்றால், இலவச அரிசிக்கு அவர் கொடுத்த விலை அரைநாள் கூலி. அதை எந்த பில்லிலும் அச்சடிப்பதில்லை.

"பில்லு வந்துச்சா?" என்று தமிழில் கேட்டால் "ராலேது" என்று தெலுங்கில் பதில் வருகிற ஊர் இது. இரண்டு மொழியிலும் ஒரே அலுப்பு.

மூட்டையில் இருக்கிறது முடிச்சு

நேரத்தைக்கூட விடுங்கள். பெரிய மிஷின், நல்ல சிக்னல், கூடுதல் ஆள் என்று போட்டால் அது சரியாகிவிடும். சரியாகாதது வேறு ஒன்று.

ரேஷன் அரிசி எங்கிருந்து வருகிறது? நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் குடோனில் இருந்து. 1972-ல் ஆரம்பித்த கழகம். அங்கே லாரியில் ஏற்றி, கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். 50 கிலோ மூட்டை. வெறும் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கொக்கி போட்டு இழுத்ததில் ஓட்டை விழுந்த சாக்கு இருக்கும். ஏற்றுகிற இடத்தில் கொஞ்சம், இறக்குகிற இடத்தில் கொஞ்சம் என்று சிந்தும். "மூட்டை எடை குறைவாக வருகிறது, சரியான எடையில் கொடுங்கள்" என்பது சங்கங்கள் வருஷக் கணக்காகக் கேட்டுவரும் கோரிக்கை. பொட்டலம் கட்டிக் கொடுங்கள் என்றும் கேட்கிறார்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. 1,000 கார்டு, ஆளுக்கு 20 கிலோ. மொத்தம் 20 ஆயிரம் கிலோ. 400 மூட்டை. மூட்டைக்கு ஒரே ஒரு கிலோ குறைகிறது என்று வையுங்கள். மாதத்துக்கு 400 கிலோ காணோம்!

முன்பு அந்த 400 கிலோ எங்கே போய் விழுந்தது? கார்டுக்கு 400 கிராம் குறைத்துப் போட்டால் சரியாகிவிடும். தப்புதான். ஏழை வயிற்றில் அடிக்கிற தப்பு. ஆனால் 1,000 வீட்டில் பரவி விழுந்தது.

இப்போது தராசு கட்டப்பட்டுவிட்டது. 400 கிராம் குறைக்க முடியாது. முதலில் வருகிற 980 கார்டுக்குக் கச்சிதமாக 20 கிலோ போய்ச் சேர்ந்துவிடும். கடைசி 20 கார்டு?

"ஸ்டாக் தீர்ந்து போச்சும்மா, அடுத்த மாசம் வாங்க."

அவர்களுக்கு 400 கிராம் நஷ்டம் இல்லை. முழுசாக 20 கிலோவும் நஷ்டம்! அந்த 20 பேர் யார்? மாத ஆரம்பத்தில் க்யூவில் நிற்க நேரமில்லாத கூலிக்காரர். ரேகை விழாமல் மூன்று தரம் திரும்பிப் போன கிழவி. வெளியூர் வேலைக்குப் போய் மாதக் கடைசியில் வந்தவர். அதாவது யாருக்கு அந்த அரிசி ரொம்பத் தேவையோ, அவரே!

அப்படி நடக்கவில்லை என்றால் விற்பனையாளர் தன் சம்பளத்தில் இருந்து கட்ட வேண்டும். ஸ்டாக் குறைந்தால் அபராதம். அந்த அபராதத்தில் இருந்து தப்பிக்க ஆள் ஒரு வழி தேடத்தான் செய்வார். தராசுக்கு அரிசியும் தெரியாது, மண்ணும் தெரியாது. எடை ஒன்றுதான் தெரியும். நிறுத்துவைத்த ஒரே மூட்டையை மேலே வைத்து நாலு பில் எடுக்க முடியாதா? வாங்காத பாமாயிலுக்கு எஸ்.எம்.எஸ். வந்த அனுபவம் நமக்குப் புதிதா?

ஜார்க்கண்டில் நடந்தது

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2016, 2017-ல் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை மிஷின் வந்தது. 2017-ன் நடுவில் அரசு இன்னொரு படி போனது. மிஷின் கணக்குப்படி கடையில் மிச்சம் இருக்க வேண்டிய அரிசியைக் கழித்துக்கொண்டு, பாக்கியை மட்டும் அனுப்பியது. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. கடைக்காரர் ஏற்கெனவே விற்றுத் தின்ற அரிசிக்கு அவரே பொறுப்பு!

நடந்தது வேறு. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை ஆராய்ந்தார்கள். கைரேகை மட்டும் இருந்தவரை திருட்டு பெரிதாகக் குறையவில்லை. கணக்குக் கழிக்க ஆரம்பித்ததும் திருட்டு குறைந்தது. ஆனால் கூடவே கார்டுதாரர்களுக்குக் கிடைத்த அரிசியும் குறைந்துவிட்டது. கடைக்காரர் தன் பழைய பற்றாக்குறையில் ஒரு பங்கைக் கார்டுதாரர் தலையில் இறக்கிவிட்டார். எதிர்ப்பு கிளம்பி, சில மாதத்தில் அந்தக் கழிப்பை நிறுத்தி வைத்தார்கள்.

ஜார்க்கண்ட் தூரம் என்றால், நாகரி பக்கம் எட்டிப் பாருங்கள். ஆந்திரக்காரர்கள் 2015-லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் மிஷினைக் கொண்டுவந்துவிட்டார்கள். 2021 ஜனவரியில் 9,260 வேன்களை இறக்கி, வீட்டு வாசலுக்கே ரேஷன் என்றார்கள். 2025 ஜூன் 1-ந் தேதி முதல் வேனை நிறுத்திவிட்டுப் பழையபடி கடைக்கே திரும்பினார்கள். மிஷினும் வண்டியும் வாங்கிப் போட்டுவிட்டால் மட்டும் வேலை முடியாது என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

நம் பக்கத்தில் 2025 ஆகஸ்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் பொருள் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டம் ஆரம்பித்தபோதும் தராசும் மிஷினும் வண்டியில் ஏறின. படி ஏறி இறங்க முடியாத கிழவிக்கு அது வரப்பிரசாதம். அந்த வண்டியில் ஏறும் மூட்டையும் அதே குடோன் மூட்டைதானே?

பால் சங்கத்தைக் கேளுங்கள்

இணைப்பை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். மின்னணுக் கருவி வைத்த பால் சங்கத்துக்கு விடிகாலையில் போனால் போதும். விவசாயி கேனைக் கவிழ்க்கிறார். அங்கேயே எடை. அங்கேயே கொழுப்புச் சத்து. கையில் சீட்டு. குஜராத் பால் சங்கங்களில் 1990-களிலேயே இது வந்துவிட்டது.

கவனியுங்கள். பால் உள்ளே நுழைகிற வாசலில் தராசைக் கட்டினார்கள். கொடுத்தவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தெரியும். வாங்கியவருக்கு எவ்வளவு வாங்கினோம் என்று தெரியும். அதற்கப்புறம் டேங்கரில் குறைந்தால் டேங்கர்காரரைக் கேட்கலாம்.

ரேஷனில் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறோம். கடைசி வாசலில் தராசைக் கட்டியிருக்கிறோம். கடைக்காரரின் கிராம் கணக்கு சென்னைக்குத் தெரிகிறது. கடைக்கு வந்த மூட்டையின் கிலோ கணக்குக் கடை வாசலில் நிறுக்கப்படுவதில்லை. மூட்டைக்கு 50 என்று எண்ணிக் கையெழுத்து! 50 கிலோ என்று கையெழுத்துப் போட்டு வாங்கியவர் 49 கிலோவை வைத்துக்கொண்டு 50 கிலோவுக்கு எப்படிப் பதில் சொல்வார்?

ஆகவே கடைத் தராசை அவிழ்க்கச் சொல்லும் சங்கத்தாரின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. அவிழ்த்தால் நஷ்டம் கார்டுதாரருக்கு. அது இருக்கட்டும். அதே கயிற்றின் மறுமுனையைக் குடோனில் கட்டுங்கள். லாரி கிளம்பும்போது ஒரு எடை, கடையில் இறக்கும்போது ஒரு எடை, இரண்டும் அதே மிஷினில் ஏறட்டும். இறக்கிய எடைதான் கடையின் ஸ்டாக் என்று எழுதட்டும். வித்தியாசத்துக்குக் குடோனும் லாரியும் பதில் சொல்லட்டும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கைரேகை விழாவிட்டால் திருப்பி அனுப்பாதே என்று உத்தரவு இருக்கிறது அல்லவா? தராசு பேசாவிட்டாலும் திருப்பி அனுப்பாதே என்று ஒரு உத்தரவு வேண்டும். கால் மணி நேரம் இணைப்பு வரவில்லையா? கையால் எடை அடித்து பில் போடு, அந்த பில்லில் 'இணைப்பு இல்லை' என்று அச்சாகட்டும். எந்தக் கடையில் இப்படிப்பட்ட பில் அளவுக்கு மீறி வருகிறது என்று மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத்தானே கம்ப்யூட்டர்?

தராசின் எண் காட்டும் முகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பி வைப்பதற்கு புளூடூத் கூட வேண்டாம். கை போதும்.

அரிசி எல்லை தாண்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1-ந் தேதி சித்தூர் மாவட்டத்தில் இருந்து நம்மோடு வந்து சேர்ந்த ஊர் திருத்தணி. ம.பொ.சி. போராடிப் பெற்ற எல்லை இது. இந்த எல்லையைத் தாண்டி, ரயில் சீட்டுக்கு அடியில் மூட்டை மூட்டையாக அரிசி போவதும் அதிகாரிகள் பிடிப்பதும் பழைய செய்தி. தராசை இணைத்ததால் அது நின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கச்சிதமாக நிறுத்து வாங்கிய அரிசியையும் விற்கலாமே! ஆனால் குடோனுக்கும் கடைக்கும் நடுவில் எத்தனை மூட்டை இறங்குகிறது என்பது இரண்டு எடையும் ஏறினால்தான் தெரியவரும். அந்தக் கணக்கு மட்டும் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

இதற்கெல்லாம் டெண்டர் விட்டு, மிஷின் வாங்கி, இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ! அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். கடை வாசலில் கரும்பலகை இருக்கிறது. அரிசி இருப்பு இவ்வளவு, சர்க்கரை இருப்பு இவ்வளவு என்று சாக்பீஸில் எழுதுகிறார்கள். அதன் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கும். 'இந்த மாதம் வந்த மூட்டை இத்தனை. இறக்கி நிறுத்தபோது இருந்த எடை இத்தனை.'